புதிதாகப் பணியில் சேரும் என்.கே. செல்லுக்கு

மஞ்சக்குப்பம் மைதானத்தில் காலை நடை போகும், சர்க்கரை உள்ள, ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவரின் உடம்பில், நோயெதிர்ப்புப் படையில் உங்களுக்குப் போஸ்டிங் கிடைத்திருக்கிறது. எலும்பு மஜ்ஜையிலிருந்து கிளம்பி ரத்தத்தில் இறங்கினால் சர்வீஸ் ஏறக்குறைய இரண்டு வாரம். பென்ஷன் கிடையாது. அவர் வேகமாக நடக்கும்போது அட்ரினலின் ஏறும். நீங்கள் கூட்டமாக ரத்தத்துக்கு ஓடிவர வேண்டும். நடை முடிந்ததும் கலைந்துவிடலாம்.

பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம். 1975-இல் ஸ்டாக்ஹோம் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் உங்கள் இனத்துக்கு 'இயற்கைக் கொல்லி' (நேச்சுரல் கில்லர், சுருக்கமாக என்.கே.) என்று பெயர் வைத்தார்கள். முன்பழக்கமே இல்லாமல் புற்றுச்செல்லைக் கொன்றதால் வந்த பட்டம். அதற்காகக் கண்டவனையெல்லாம் கொல்லக் கிளம்பினால் தாசில்தார் தாங்கமாட்டார்.

முதலில் அடையாள அட்டை கேளுங்கள். நம் செல்கள் பெரும்பாலும் எம்.எச்.சி. முதல் வகைப் புரதத்தை மேலே மாட்டிக்கொண்டுதான் இருக்கும். உங்கள் 'கிர்' ஏற்பி அதைத் தொட்டதும் உள்ளே எஸ்.எச்.பி.-1 என்ற நொதி வந்து, கொல்லும் உத்தரவைக் கடத்தும் வாவ்-1 புரதத்தில் ஏறியிருந்த பாஸ்பேட்டைக் கழற்றிவிடும். கோப்பு அத்தோடு கிடப்பில். அட்டையைப் பார்த்தே வேட்டையாடும் டி செல்லுக்குப் பயந்து சில வைரஸ்கள் தாம் புகுந்த செல்லின் அட்டையைக் கழற்றி ஒளித்துவிடும். அந்தக் கெட்டிக்காரத்தனத்தால்தான் உங்களிடம் மாட்டும். அட்டை இல்லாதவனே உங்கள் இலக்கு என்பதை 1986-இல் கிளாஸ் கார்ரேயும் கூட்டாளிகளும் எலிகளில் காட்டினார்கள்.

அட்டை இல்லை என்ற ஒரே காரணம் போதாது. சிவப்பணுவைப் பாருங்கள்: அட்டை இல்லாமலே ஊர் சுற்றுகிறது, யாரும் தொடுவதில்லை. இரண்டாவது கையெழுத்து வேண்டும். அவதிப்படும் செல் மைக்கா போன்ற புரதங்களை வெளியே நீட்டும். உங்கள் என்.கே.ஜி.2டி ஏற்பி அதைப் பிடித்தால், டாப்-10 வழியாக உள்ளே உத்தரவு போகும். தடையும் உத்தரவும் சேர்ந்தே வந்தால் எது ஓங்குகிறதோ அதன்படி நடக்கவும். மேலதிகாரி யாரும் இல்லை, கணக்கு உங்களுக்குள்ளேயே.

உத்தரவு உறுதியானால் உங்களுக்கு இரண்டு வேலை: பெர்ஃபோரினால் துளைபோட்டு கிரான்சைம் என்ற கொல்லும் நொதியை உள்ளே தள்ளுவது ஒன்று, இன்டர்ஃபெரான்-காமா போன்ற சைட்டோகைன்களைக் கொட்டி ஊரைக் கூட்டுவது மற்றொன்று. இரண்டுக்கும் ஒரே கம்பி என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவின் மில்வாக்கியில் சுப்பிரமணியம் மலர்க்கண்ணனின் ஆய்வுக்குழு 2013-இல் எலிகளைக் கொண்டு இதைப் பிரித்துக் காட்டியது: ஃபின், அடாப், கார்மா-1 என்று போகும் பாதை கூச்சலுக்கு மட்டும். அடாப் இல்லாத என்.கே. செல்லும் ஒழுங்காகக் கொல்கிறது, சத்தம்தான் குறைவு.

கொல்லும் வேலை கெட்டுக் கூச்சல் மட்டும் ஓயாமல் போனால்? பெர்ஃபோரின் மரபணு பழுதுபட்ட குழந்தைகளுக்கு அதுதான் நேர்கிறது. இலக்கு சாகாது, சைட்டோகைன் கொட்டிக்கொண்டே இருக்கும், காய்ச்சல் இறங்காது, சிகிச்சை இல்லாவிட்டால் உயிர் போகும்.

இனி தாசில்தாருக்கு ஒரு வார்த்தை. 'எதிர்ப்புச் சக்தியை முடுக்கும்' என்று டப்பாவில் எழுதிய பொடியை வாங்கி வைத்திருக்கிறீர்கள். எந்தக் கம்பியை முடுக்கும், எந்தத் தடையைத் தளர்த்தும் என்று அந்த டப்பாவில் ஒரு வரி இல்லை. அதை அலமாரியிலேயே விட்டுவிட்டு, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை மூடி வையுங்கள் ஐயா. டெங்கு கொசு அங்கேதான் முட்டையிடுகிறது.