பைப்பப் போட்டுத் தொங்காத அப்புனு!

ஏனப்புனு, காலங்காத்தால வாசல்ல என்ன இந்தச் சத்தம்? அன்னூர் கடவீதி வரைக்கும் கேக்குது போ. கோயல்ல நோம்பி சாட்டிட்டாங்களாட்ட இருக்குதுன்னு உங்க அப்பத்தா எந்திரிச்சு வந்துட்டா. பாத்தா, கம்பெனிக்காரனே 2014ல கைகழுவுன மாருதி 800க்கு பானெட்டத் தூக்கி வெச்சுப்போட்டு, ஒத்தப் போல்ட்டோட மல்லுக்கட்டீட்டு இருக்கறே.

செரி, பண்ணு. நானொண்ணும் சொல்லல. சரவணம்பட்டி கம்ப்யூட்டர் ஆபீசுல உக்காந்து அமெரிக்காக்காரனுக்கே ரிப்பேர் பாக்கறவன், உங்கப்பன் வண்டியப் பாக்க மாட்டியா? நம்ம கலங்கல் ஜி.டி. நாயுடுவும் இப்பிடித்தான். வெள்ளக்காரன் மோட்டார் சைக்கிளப் பாத்து ஆசப்பட்டு, ஓட்டல்ல வேல செஞ்சு காசு சேத்து, அத வாங்கி அக்கக்காக் கழட்டுனாரு. 1920ல பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ்ஸே உட்டாரு. நடுவால நடந்தத மட்டும் உன்னாட்ட பசங்க கேட்டுக்கறதில்ல: கழட்டுனத அவரு திருப்பி மாட்டவும் மாட்டுனாரு.

இது சைலன்சர் பக்கத்துப் போல்ட்டு. சூடாகி, ஆறி, மறுக்காச் சூடாகி, மரையும் துருவும் இத்தன வருசமாச் சம்பந்தம் பண்ணிக் குடித்தனம் நடத்துது. நீ சோத்து நேரத்துக்குள்ள அத்து உடோணும்ங்கறே. ஒரடி ஸ்பேனருக்கு மூணடி பைப்பப் போட்டா மூணு மடங்கு பலம் வரும், நெசந்தான். போல்ட்டு அசையலீன்னா அத்தன பலமும் அதும்பட கழுத்துலதான் எறங்கும். நறுக்குன்னு போயிரும்.

எண்ணெ அடிச்சயா? டபிள்யூடி-40ஆ, பேஷ். 1953ல அமெரிக்காவுல ராக்கெட்டுத் துருப்புடிக்காம இருக்கறதுக்குன்னு செஞ்சது. 39 தடவ சரியா வராம 40வது தடவ கூடி வந்துச்சாம், பேருலயே வெச்சிருக்கறாங்க. அவிங்க அத்தன தடவ பொறுத்தாங்க. நீ அடிச்ச கையோட ஸ்பேனரப் போடறே! எண்ணெ மரைக்குள்ள எறங்க வேண்டாமா? ராத்திரியே உட்டுப்போட்டுப் படுத்திருக்கோணும். காத்தால இன்னொருக்கா உட்டு, சுத்தியல்ல தலை மேல டொக்கு டொக்குன்னு நாலு தட்டு. ஒடைக்கறதுக்கில்ல, துரு விரிசல் உட்டாத்தான் எண்ணெய்க்கு வழி.

பொறகும் கழட்டற பக்கம் போயிராத. மொதல்ல இறுக்கற பக்கம் துளி அசச்சுப் பாரு. டக்குன்னு சத்தம் வந்தா உனக்கு நல்ல காலம். கால் சுத்து கழட்டு, அதுல பாதி திருப்பி இறுக்கு, எண்ணெ உடு. எந்தப் பக்கம் கழட்டறதுன்னு தெரியுமல்ல? சிரிக்காத. சைக்கிள்ல எடது பெடலுக்கு மரை தலகீழு. அது தெரியாம மணிக்கட்டச் சுளுக்கீட்டவிங்க இந்த ஊர்ல நெறையப் பேரு இருக்கறாங்க.

அப்பவும் வரலீன்னா எஞ்சினச் சித்தெ ஓட உட்டு, வெதுவெதுப்புல பாரு. அது மாட்டியிருக்கற எஞ்சின் ஹெட்டு அலுமினியம், போல்ட்டு இரும்பு. சூட்டுக்கு அலுமினியம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு விரியும், புடி தளந்துக்கும். ஹெட்டு போல்ட்டுக்கு இந்த வைத்தியம் ஆகாது. அதுக்கு எஞ்சின் நல்லா ஆறோணும், ஓரத்துல இருந்து நடுவுக்குக் கொஞ்சங் கொஞ்சமா வரோணும். இல்லாட்டி ஹெட்டு கோணிக்கும். அப்பறம், பெட்ரோல் பைப்புகிட்டத் தீப்பந்தத்தோட வந்துராத. இன்சூரன்சு உங்கப்பன் இன்னும் கட்டுல.

முறிஞ்சு போச்சுன்னா? முறிஞ்ச தண்டு மேல நட்ட வெச்சு வெல்டு வெச்சா, அந்தச் சூட்டுலயே பாதி எளகிக்கும். அதுக்குக் கணபதி பட்டறையில இருந்து ஆளக் கூப்புடோணும். வந்தவரு மொதல்ல போல்ட்டப் பாக்க மாட்டாரு, உன்னைத்தான் பாப்பாரு. அந்தப் பார்வைக்குஞ் சேத்துத்தான் கூலி.

தலை மழுங்குதுங்கறயா? மழுங்காம என்ன பண்ணும்? போல்ட்டு 12 நம்பரு, உன்ற கையில இருக்கறது 13. ஆரம்பிச்சதுல இருந்து பாத்துட்டுத்தான் இருக்கறேன்; கேட்டாச் சொல்லலாம்னு இருந்தேன். 12 நம்பரு ரிங் ஸ்பேனரு என்ற கட்டலுக்கு அடியில கெடக்குது. எடுக்கப் போறப்ப அப்படியே எனக்கொரு டீ கொண்டா. சக்கரய நீயே போட்டுரு, உங்க அப்பத்தா பாக்காம.