2024இல் காணாமற்போன ஏகாதசி: தேதிக் கொயரிகள் குறித்து ஓர் ஆராய்ச்சி

2024இல் திருமலையில் வைகுண்ட ஏகாதசியே வரவில்லை. கோயிலைக் குறை சொல்வதற்கில்லை. ஜனவரி 2இல் ஒன்று, டிசம்பர் 23இல் இன்னொன்று என்று 2023 இரண்டையும் வாரிச் சுருட்டிக்கொண்டது. அடுத்தது 2025 ஜனவரி 10. அதே ஆண்டு டிசம்பர் 30இல் மற்றொன்று. வருடவாரியாக எண்ணச் சொல்லி டேட்டாபேஸில் 'குரூப் பை' போட்டால், 2024 என்ற வரியே வராது. பூஜ்யம் என்றுகூடப் போடாது.

இந்த ஏகாதசி வரும் மார்கழி டிசம்பர் பாதியில் தொடங்கி ஜனவரி பாதியில் முடிகிறது. கொயரியோ டிசம்பர் 31இல் வேலி போட்டுவிடுகிறது. பரிகாரம் எளிது. தேதியிலிருந்து ஒரு மாதத்தைக் கழித்துவிட்டு வருடத்தைக் கேட்க வேண்டும்: 2022, 2023, 2024, 2025. வருடத்துக்கு ஒன்று, சண்டையில்லை.

நாள் எப்போது பிறக்கிறது என்பதில்தான் பெருங்குழப்பம். பஞ்சாங்கத்துக்குச் சூரிய உதயத்தில், கம்ப்யூட்டருக்கு நள்ளிரவில், யூடிசி நேரத்தில் ஓடும் சர்வருக்கு நம்மூர்க் காலை ஐந்தரைக்கு. ஏகாதசியன்று விடிகாலை மூன்று மணிக்கு உள்ளே போனவரின் தரிசனம் அதில் முந்தின நாள் இரவு ஒன்பதரைக்குப் பதிவாகும். பட்டினி கிடந்தது ஏகாதசிக்கு, புண்ணியம் தசமிக் கணக்கில். ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிய பிறகே தேதியை வெட்டியெடுக்க வேண்டும். வெட்டிவிட்டுக் கூட்டுவோரும் உண்டு. அவர்கள் அறிக்கையில் எல்லாத் தரிசனமும் காலை ஐந்தரைக்கே நடக்கும்.

நாட்களைக் கூட்டுவதிலும் சிக்கல் உண்டு. சித்தூர்ப் பக்கம் காணிப்பாக்கம் விநாயகருக்குப் பிரம்மோற்சவம் 21 நாள். 2024இல் சதுர்த்தி செப்டம்பர் 7. அதோடு 21ஐக் கூட்டினால் 28. உற்சவமோ 27இலேயே நிறைவு. தொடங்கிய நாளை நாம் ஒன்று என்கிறோம், கூட்டல்குறி சுழியம் என்கிறது. ஆகவே 20ஐக் கூட்டுக. அதற்குப் பிறகும் 7 முதல் 27 வரை என்று 'பிட்வீன்' போட்டால் ஆபத்து: நேரத்தோடு கூடிய பதிவுகளில் 27 என்பது அந்த நள்ளிரவுப் புள்ளி மட்டுமே, நிறைவு நாள் காணிக்கை முழுக்க விடுபடும். '28க்குக் கீழே' என்பதே சாஸ்திரோக்தம்.

மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வரின் 'டேட்டிஃப்', வருடக் கணக்குக் கேட்டால், இரு தேதிகளுக்கு நடுவில் எத்தனை ஜனவரி 1 வந்தது என்று மட்டும் பார்க்கும். டிசம்பர் 31 இரவு பதினொன்றரைக்குத் திருமலை வைகுண்டம் கியூ காம்ப்ளெக்ஸில் உட்கார்ந்து, பன்னிரண்டரைக்கு எழுந்தவர் அதன் தீர்ப்பில் ஒரு வருடம் காத்திருந்தவர். அங்கே உட்கார்ந்து எழுந்த யாரும் இதை ஆட்சேபித்ததாகச் சான்று கிடைக்கவில்லை.