டப்பா நிறைதல் கோட்பாடு: ரேஷன் பருப்பும் பலகாரச் சீட்டும் குறித்து ஓர் ஆய்வு

சிக்கனமாகக் குடும்பம் நடத்துவது பற்றி இதுவரை எழுதியவர்கள் எல்லோரும் முதலில் பசி, பிறகு சமையல், அதற்காக மளிகைச் சாமான் என்றே வரிசைப்படுத்தி வந்திருக்கிறார்கள். தமிழ்நாட்டு நடுத்தர வீடுகளின் அடுக்களையில் சற்று நேரம் நின்று கவனித்தால் இந்த வரிசை தலைகீழாக நடப்பது தெரியும். மலிவாக ஒரு சாமான் வீட்டுக்குள் வருகிறது. அதைத் தீர்ப்பதற்காகச் சமையல் நடக்கிறது. பசி அதற்குத் தன்னால் ஆன ஒத்துழைப்பைத் தருகிறது. இதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக் களங்கள் மூன்று: பரண், எவர்சில்வர் டப்பா, தெருமுனை நியாய விலைக் கடை.

மலிவு வீட்டுக்குள் நுழைவதற்குச் சீட்டு வேண்டும். அமெரிக்கர்கள் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையோடு வரும் கூப்பன்களைக் கத்தரித்துக் கோப்பில் அடுக்கி, கடையில் நீட்டி விலையைக் குறைத்துக்கொள்வார்கள். அந்தக் கூப்பனின் அடியில், அதன் ரொக்க மதிப்பு ஒரு சென்ட்டில் நூறில் ஒரு பங்கு என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். சில மாநிலங்களின் பழைய சட்டத்துக்காகச் செய்த ஏற்பாடு அது. நமது பலகாரச் சீட்டு இப்படிப்பட்ட நோஞ்சான் அல்ல. மாதாமாதம் பணம் கட்டினால் தீபாவளிக்கு முந்தைய வாரம் கடலை மாவு, மைதா, சர்க்கரை, எண்ணெய், நெய் என்று ஒரு மூட்டை வந்து இறங்கும். சில இடங்களில் பட்டாசுப் பெட்டியும் சேரும். கட்டிய பணத்துக்கு வட்டி என்ன ஆயிற்று என்று கேட்டால், சீட்டு நடத்தும் அக்கா, "அந்தப் பணம் உங்க வீட்டுக்காரர் கையில இருந்திருந்தா தீபாவளி வரைக்கும் நின்னிருக்குமா?" என்பார். சேமிப்பின் உளவியல் குறித்து இதைவிடச் சுருக்கமான விளக்கம் கிடைப்பது அரிது. சீட்டு நடத்தியவர் ஊரைவிட்டு ஓடிய வழக்குகளும் உண்டு. அவை காவல் துறையின் ஆய்வெல்லைக்குள் வருவதால் இங்கே தவிர்க்கப்படுகின்றன.

சீட்டுகளுக்கெல்லாம் தலை, குடும்ப அட்டை. 2008 செப்டம்பரில் கிலோ ஒரு ரூபாய்க்கு வந்த ரேஷன் அரிசிக்கு, 2011 ஜூன் முதல் விலையே கிடையாது. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வெளிக்கடை விலையோடு ஒப்பிடும்போது வரும் வித்தியாசம் எந்தக் குடும்பத்துக்கும் சிறிய தொகை அல்ல. ஆனால் மாதம் முடிவதற்குள் வாங்கவில்லையென்றால் அந்த மாதத்துப் பங்கு பெரும்பாலும் போனது போனதுதான். ஆகவே பருப்பு தேவையா என்ற கேள்விக்கே இடமில்லை. பருப்பு வந்துவிட்டதா என்பதுதான் கேள்வி. "இன்னும் லோடு வரலைம்மா" என்ற பதிலுக்கும் "காலையிலேயே தீர்ந்துபோச்சே" என்ற பதிலுக்கும் இடையில் பருப்பு எப்போது இருந்தது என்பது இத்துறையில் இன்னும் தீராத புதிர். விரல் ரேகை தேய்ந்த தாத்தா கருவியில் கட்டை விரலை வைத்து, எடுத்து, வேட்டியில் துடைத்து, மறுபடி வைக்கிறார். பாமாயில் வாங்கியாயிற்று என்ற குறுஞ்செய்தி அலுவலகத்தில் இருக்கும் மகனுக்குப் போகிறது. இரவு பூரி என்பதை அவன் அப்போதே தெரிந்துகொள்கிறான்.

இனி அரிசி. இந்த ஆய்வின் வளமான பகுதி இதுதான். "நாங்க ரேஷன் அரிசி சாப்பிடறதில்லீங்க, இட்லிக்கு மட்டும்தான்" என்ற வாக்குமூலம் வீடு தவறாமல் கிடைக்கிறது. அதே வீடுகளில் காலையில் இட்லி, இரவில் தோசை, மாவு புளித்த மறுநாள் ஊத்தப்பம், அதற்கும் மறுநாள் பணியாரம். சோறு என்பது மதியம் ஒரு வேளைதான். அப்படியானால் அவர்கள் சாப்பிடாத அரிசி எது என்று கேட்பது நாகரிகமாக இருக்காது. கௌரவத்தின் பொருட்டு அரிசியே வேண்டாமென்று சர்க்கரை அட்டை வைத்திருந்தவர்களும் உண்டு. 2019-இல் அதை அரிசி அட்டையாக மாற்றிக்கொள்ள அரசு வாய்ப்பளித்தபோது விண்ணப்பங்கள் குவிந்தன. அரிசி அட்டைக்கு மட்டும் பொங்கலுக்கு ஆயிரம் ரூபாயும் கரும்புத் துண்டும் இருந்தன.

செறிவூட்டிய அரிசி வந்தபோது நடந்ததையும் பதிவு செய்ய வேண்டும். அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்து, அரிசி வடிவில் வார்த்த மணிகளை, நூறு கிலோவுக்கு ஒரு கிலோ வீதம் கலந்து தந்தார்கள். களையும்போது அந்த மணிகள் மிதந்தன. பிளாஸ்டிக் அரிசி என்று தெருவெல்லாம் செய்தி பரவ, முறத்தில் போட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிந்தார்கள். நூற்றில் ஒன்றான சத்தை இவ்வளவு துல்லியமாகப் பிரித்தெடுக்கும் திறன் எந்த ஆலைக்கு வரும்?

வந்த சரக்கைக் காப்பது அடுத்த படி. மாசி, பங்குனியில் புதுப்புளி வாங்கிக் கொட்டை நீக்கி, உப்புப் போட்டு ஜாடியில் அடைப்பார்கள். சித்திரை வெயிலில் மொட்டைமாடி முழுக்க வற்றலும் வடகமும். துவரம்பருப்புக்கு விளக்கெண்ணெய் தடவிக் காயவைப்பதும், அரிசியில் வேப்பிலையும் காய்ந்த மிளகாயும் போடுவதும் வழிவழி வந்த தற்காப்பு. எதிரி அரிசி வண்டு. லின்னேயஸ் 1763-இலேயே இதற்கு அறிவியல் பெயர் சூட்டிவிட்டார். பெண் வண்டு தன் மூக்கால் அரிசி மணியில் துளையிட்டு, முட்டையிட்டு, துளையை அடைத்துவிடும். புழு உள்ளேயே தின்று வளர்ந்து, வண்டாகித்தான் வெளியே வரும். எனவே டப்பாவை எவ்வளவு இறுக்கி மூடினாலும் பயனில்லை. விருந்தாளி மூட்டையோடுதான் வந்திருக்கிறது. நம் வெப்பத்தில் ஏறத்தாழ ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை தயார். ரேஷனும் மாதம் ஒருமுறைதான் என்பது தற்செயலா என்பதை வருங்கால ஆய்வாளர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

வண்டுக்கு அஞ்சி வகுத்த விதிதான் குடும்பத்தின் உணவை நிரந்தரமாகத் தீர்மானிக்கிறது: பழையது முதலில். போன மாதப் பருப்பு தீரும் வரை இந்த மாதப் பருப்பைத் தொடக் கூடாது. அது தீரும்போது இந்த மாதப் பருப்பும் போன மாதத்ததாகிவிடுகிறது. இப்படி, புதுப்பருப்பு கைவசம் இருக்கும் ஒரு குடும்பம் ஆயுள் முழுக்கப் பழம்பருப்பையே உண்டு வாழ்கிறது. சூப்பர் மார்க்கெட்டில் குறிப்பிட்ட தொகைக்கு மேல் வாங்கினால் சர்க்கரை மலிவு என்பார்கள்; தொகை எட்டுவதற்காக வாங்கிய சேமியா இந்த வரிசையில் கடைசியாக நிற்கும். அதன் முறை வருவதை இதுவரை யாரும் பார்த்ததில்லை.

ஆய்வின் முடிபு: டப்பா நிறைந்திருப்பதே சிக்கனத்தின் இலக்கு, உண்பது அதற்கு நேரும் இடையூறு. ஆகவே மருமகள்கள் டப்பாவைத் திறக்குமுன் மாமியாரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்த மாதம் பாமாயில் லோடு வந்துவிட்டதாகத் தெருவில் பேசிக்கொள்கிறார்கள். உறுதியாகத் தெரிந்த வாசகர்கள் மாதம் முடிவதற்குள் தெரிவித்து உதவவும்.