கரை கடந்த புயலும் கோடி போன ஏரியும்

கே: கடலே இல்லாத தருமபுரிக்குப் புயலால் என்ன ஆபத்து? (அரூர் வாசகர்)

ப: புயல் கரை கடந்தால் காற்றுதான் அடங்கும், மேகம் அடங்காது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல், கிளம்ப மனசில்லாமல் அங்கேயே நின்று, வலுவிழந்து, மெல்ல மேற்கே வந்தது. டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழை, உங்கள் அரூரில் 33 செ.மீ. கடல் உங்கள் ஊருக்கு வராது. மேலே ஏறித்தான் வரும்.

கே: 33 செ.மீ. என்பது பள்ளிக்கூட ஸ்கேல் அளவுதானே? (மொரப்பூர் மாணவர்)

ப: ஸ்கேலை நிறுத்திப் பார்க்காதீர்கள், நிலத்தில் பரப்பிப் பாருங்கள். ஒரு ஏக்கரில் 33 செ.மீ. மழை என்றால் சுமார் 13 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி 110-க்கு மேல் வேண்டும். கோடையில் ஒரு லாரிக்குக் குடத்தோடு காத்திருப்பவர்கள் நாம்!

கே: மழை விட்டு வெயிலும் அடிக்கிறது. அதற்கப்புறம் ஏன் ஏரி உடைகிறது? (பாப்பிரெட்டிப்பட்டி விவசாயி)

ப: நம் ஏரிகள் தனிக்குடித்தனம் செய்வதில்லை. மேல் ஏரி நிரம்பிக் கோடி போனால்தான் கீழ் ஏரிக்குத் தண்ணீர். கடைசி ஏரியின் முறை வரும்போது புயல் செய்தி பழைய பேப்பர் ஆகியிருக்கும். மண்ணும் குடித்து முடித்திருக்கும். அடுத்து வரும் சின்ன மழைகூட அப்படியே ஓடைக்குத்தான் போகும்.

கரையின் வெளிச்சரிவை நடந்து பாருங்கள். எலி வளை, நண்டு வளை, பட்டுப்போன கருவேல வேர் இருக்கும் இடங்களில்தான் கசிவு தொடங்கும். கசிவது தெளிந்த தண்ணீர் என்றால் காவல் போடுங்கள். கலங்கிய தண்ணீர் என்றால் கரை மண்ணும் கூடவே கிளம்பிவிட்டது. உடனே அதிகாரிகளுக்குச் சொல்லிவிட்டு, கீழே குடியிருப்பவர்களை எழுப்புங்கள்.

கே: சாத்தனூர் அணை திறந்ததற்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? (கம்பைநல்லூர் வாசகர்)

ப: கிருஷ்ணகிரி அணையைத் தாண்டி உங்கள் ஊர்ப் பக்கம் வரும் தென்பெண்ணைதான் சாத்தனூர் போகிறது. சேர்வராயன் மலைத் தண்ணீரை வாணியாறும், ஊத்தங்கரைத் தண்ணீரைப் பாம்பாறும் அதில் சேர்க்கின்றன. டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூரிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி திறந்தார்கள். அதாவது நீங்கள் ஒரு தடவை கண் சிமிட்டி முடிப்பதற்குள் பல லட்சம் லிட்டர். விழுப்புரமும் கடலூரும் மூழ்கின. மழை மாவட்டம் பார்த்துப் பெய்திருக்கலாம். வெள்ளம் எல்லைப் பலகை படிப்பதில்லை.

கே: அப்படியானால் ஒகேனக்கல் வெள்ளமும் புயல் வெள்ளம்தானா? (பென்னாகரம் வாசகி)

ப: அது வேறு வழக்கு. ஒகேனக்கல்லில் ஆடி மாதம் பரிசல் நிற்பது பெரும்பாலும் குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் தென்மேற்குப் பருவமழையால். நம் மாவட்டத்தின் ஒரு பக்கம் காவிரியில் வடிகிறது, மறுபக்கம் தென்பெண்ணையில். வறட்சி மட்டும் இரு பக்கத்துக்கும் பொது.

கே: ஃபெஞ்சல்... யார் வைத்த பெயர்? (காரிமங்கலம் வாசகர்)

ப: சவூதி அரேபியா. பாலைவன நாடு பெயர் வைத்தது, வறண்ட சீமை நனைந்தது.

கே: காரில் இருந்தால் வெள்ளத்தைக் கடந்துவிடலாமா? (பாலக்கோடு வாசகர்)

ப: ஊத்தங்கரையில் ஏரித் தண்ணீர் சாலைக்கு வந்தபோது, நிறுத்தியிருந்த வேன்களும் கார்களுமே உருண்டு போயின. ஓடும் தண்ணீர் இரண்டடி இருந்தாலே பெரும்பாலான கார்களைத் தூக்கிவிடும். தரைப்பாலத்தில் வீரம் காட்டுபவரை ஊரே கயிறு கட்டித் தேட வேண்டியிருக்கும்.

கே: வெளிநாட்டிலும் இப்படித் தாமதமாக வெள்ளம் வருமா? (தருமபுரி ஆசிரியை)

ப: வரும். 2018 செப்டம்பர் 14-ல் ஃப்ளோரன்ஸ் புயல் அமெரிக்காவில் கரை கடந்தது. தென் கரோலினாவின் கான்வே ஊரில் வக்கமா ஆறு உச்சம் தொட்டது அந்த மாதக் கடைசி வாரத்தில்தான். அது சமவெளி, ஆறு நிதானமாக நகர்கிறது. நமக்கு மலைச்சரிவு, ஆறு பாய்ந்து வந்துவிடும், ஏரிதான் தாமதிக்கும்.

கே: பல வருஷமாகத் தண்ணீர் வராத ஓடையை ஒட்டி மனை மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? (பெயர் வேண்டாம்)

ப: உங்களுக்குப் பெயர் வேண்டாம், மனைக்கு வேண்டும். புல வரைபடத்தில் அது என்ன பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். ‘நீர்நிலைப் புறம்போக்கு’ என்றிருந்தால் திரும்பிப் பார்க்காமல் வாருங்கள். ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007-லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது. சட்டம் தாமதித்தாலும் தண்ணீர் தன் பத்திரத்தோடு வந்து நிற்கும்.

கே: ஏரி நிரம்பினால் கிடா வெட்டுவதா, மூட்டை கட்டுவதா? (கடத்தூர் வாசகர்)

ப: கிடா வெட்டுங்கள், பங்கும் அனுப்புங்கள். ஆனால் அதற்கு முந்தின ஆடியிலேயே, ஏரி காய்ந்து கிடக்கும்போது, கலங்கலுக்குக் கீழே ஓடையை வெட்டிவிடுங்கள்.