கூடுவிட்டுக் கூடு பாயும் விமான எண்

பெறுநர்: போக்குவரத்துத் துறை, அமெரிக்க ஐக்கிய நாடுகள், வாஷிங்டன்.
பொருள்: ஒரே எண்ணில் இரு விமானங்கள் – விமானம் தன்னைத் தானே தவறவிடுதல் – விதித் திருத்தம் கோருதல் – தொடர்பாக.
பார்வை: கூட்டாட்சி விதித் தொகுப்பு, தலைப்பு 14, பகுதி 258 (1999).



ஓர் உடலை விட்டு உயிர் மற்றோர் உடலில் புகும் வித்தை சித்தர்களுக்கு மட்டுமே கைவந்தது என்று தமிழர் நெடுங்காலம் நம்பிவந்தனர். அதனை அமெரிக்க விமான நிறுவனங்கள் தவமோ பட்டினியோ இன்றி, கால அட்டவணை தயாரிக்கும் மேசையிலிருந்தே செய்துமுடிப்பதைப் பார்வையில் கண்ட விதி ஒப்புக்கொள்கிறது. காலையில் ஒரு சிறு நகரத்திலிருந்து சிறிய விமானமாகப் புறப்படும் ஓர் எண், நடுவழியில் ஒரு பெரிய நிலையத்தில் இறங்கி, விமானத்தையும் விமானியையும் உதறிவிட்டு, வேறொரு வாயிலில் நிற்கும் பெரிய விமானத்துக்குள் புகுந்து கடல் கடக்கிறது. பயணி கைப்பையுடன் அதன் பின்னால் ஓடுகிறார். இதற்குத் தொழில்வட்டாரப் பெயர் 'சேன்ஞ் ஆஃப் கேஜ்'. பயணத்தின் நடுவே விமானத்தின் அளவு மாறுவது என்பது அதன் பொருள். அமெரிக்காவும் பிரிட்டனும் 1946இல் செய்துகொண்ட பெர்முடா உடன்படிக்கையிலேயே இதற்கு இடமிருந்தது. ஓர் ஊருக்கு அப்பால் பயணிகள் குறைந்தால் பெரிய விமானத்தைக் காலியாகப் பறக்கவிடுவானேன் என்ற நியாயமான சிக்கனமே அன்றைய காரணம்.

பின்னாளில் அந்தச் சிக்கனம் விற்பனைத் தந்திரமாக வளர்ந்ததற்குச் சொற்களும் துணைபுரிந்தன. விமானத் தொழிலில் 'நான்ஸ்டாப்' என்றால் எங்கும் இறங்காதது. 'டைரக்ட்' என்றால் ஒரே எண்ணில் செல்வது, அவ்வளவே. அது எத்தனை ஊரில் இறங்கினாலும் 'டைரக்ட்'தான். இதனை 'நேரடி' என்று பெயர்க்கும் தமிழர், பேருந்தின் நெற்றியில் எழுதியிருக்கும் 'இடைநில்லா' என்பதன் பொருளையே அதற்கும் கொடுத்துவிடுகின்றனர். சொல்லுக்கு உண்மையாக நடந்துகொள்ளும் பயணமும் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை: ஹொனலுலுவிலிருந்து மஜூரோ, குவாஜலின், கோஸ்ரே, போன்பே, சூக் தீவுகள் வழியாகக் குவாமுக்குச் செல்லும் யுனைடெட் நிறுவனத்தின் பயணத்தில், தீவுதோறும் இறங்கினாலும் கடைசிவரை விமானம் ஒன்றே, வழியில் பழுது நேர்ந்தால் பார்க்க ஒரு பொறிநுட்பரும் உடன் வருகிறார். அங்கே உயிரும் ஒன்று, உடலும் ஒன்று.

மற்ற இடங்களில் எண்ணை மட்டும் இத்தனை பாடுபட்டுக் காப்பாற்றியதன் காரணம் பயண முகவரின் கணினித் திரையில் இருந்தது. முன்பதிவுக் கணினி அமைப்புகளை, அமெரிக்கன் நிறுவனத்தின் சேபர், யுனைடெட்டின் அப்பல்லோ என விமான நிறுவனங்களே வைத்திருந்த 1980களில், இணைப்புப் பயணங்களுக்கு மேலே 'டைரக்ட்' பயணங்கள் பட்டியலிடப்பட்டன. முகவர்களோ பெரும்பாலும் முதல் திரையைத் தாண்டியதில்லை. எனவே இரண்டு விமானங்களுக்கு ஒரே எண்ணைச் சூட்டினால், இணைப்புப் பயணம் 'டைரக்ட்' வேடம் பூண்டு பட்டியலின் உச்சியில் ஏறிக்கொண்டது. இதன் அடுத்த படி 'புனல்' முறை: பல ஊர்களிலிருந்து பல எண்களில் வருவோரை ஒரே விமானத்தில் ஊற்றிவிட்டு, அந்த விமானத்துக்கு அத்தனை எண்களையும் சூட்டுவது. ஓர் உயிருக்குப் பல உடல் போய், ஓர் உடலில் பல உயிர் குடியேறிய இந்நிலையைச் சித்தர்கள்கூட எண்ணிப்பார்த்ததாகத் தெரியவில்லை. ரயில்வேயில் இதற்கு நேர்மாறான வழக்கம் இருந்தது என்பதைத் துறை அறிந்திருக்கலாம். அங்கே ஒரு பெட்டியைக் கழற்றி வேறு வண்டியில் மாட்டியபோது வண்டியின் எண் மாறியது. உள்ளே உறங்கிய பயணியை யாரும் எழுப்பவில்லை.

மேலும், நான்கு இலக்கங்களுக்கு மேல் போகமுடியாத விமான எண், கூட்டாளி நிறுவனங்களின் பயணங்களுக்கும் ஒரு நிறுவனம் தன் எண்ணை ஒட்டி விற்கும் 'கோட்ஷேர்' வழக்கத்தால் தட்டுப்பாடாகிவிட்டது. ஆகவே பெரிய நிறுவனங்கள், ஒன்றோடொன்று உறவே இல்லாத இரு பயணங்களுக்கும் ஒரே எண்ணைக் கொடுக்கின்றன.

இவ்வொருமையின் மெய்ம்மை வெளிப்படுவது தாமதம் நேரும்போதுதான். முதல் விமானம் இரண்டு மணி நேரம் பிந்தினால், அதே எண் கொண்ட இரண்டாம் விமானம் உரிய நேரத்தில் கிளம்பிவிடக்கூடும். அப்போது பயணி தம் விமானத்தைத் தவறவிடுகிறார், ஆனால் தவறவிடும் அந்த நொடியிலும் அவர் அதே விமானத்தில்தான் அமர்ந்திருக்கிறார். ஒரே அழைப்புப் பெயரில் இரண்டு விமானங்கள் ஒரே வானில் பறப்பதை வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் ஏற்பதில்லை என்பதால், அவற்றில் ஒன்றுக்கு நிறுவனம் உடனே வேறு எண் தேடித் தருகிறது. பயணியிடம் மாற்றவியலாததாக விற்ற எண், கட்டுப்பாட்டாளரிடம் ஒரு நிமிடத்தில் மாறிவிடுகிறது. மைல் கணக்கிலோ எண் மறுபடியும் ஒன்றாகிவிடும்: பறந்த தூரத்துக்குப் புள்ளி வழங்கிய பல நிறுவனங்கள், சுற்றிப் பறந்தவருக்கும் புறப்பட்ட ஊருக்கும் சேர்ந்த ஊருக்கும் இடையிலான நேர்கோட்டுத் தூரத்தையே கணக்கிட்டன.

இவற்றையெல்லாம் ஆராய்ந்த துறை, 1999இல் மேற்படி 258ஆம் பகுதியை இயற்றியது. அது கூடு பாய்வதைத் தடுக்கவில்லை. வழியில் விமானம் மாறும் என்பதை முன்பதிவுக்கு முன் வாய்மொழியாகவும் விற்கும்போது எழுத்திலும் பயணிக்குச் சொல்லவேண்டும் என்று மட்டும் விதித்தது. திருடக் கூடாது என்று சொல்லாமல், கதவைத் தட்டிவிட்டுத் திருடு என்று சொன்ன அந்த நிதானத்தை எவரும் பாராட்டாமல் இருக்கமுடியாது.

ஆயினும் ஒரே எண் ஒரே விமானம்தான் என்பது நிறுவனங்களின் உறுதியான கொள்கையாயின், அதன் முழுப் பயனையும் பயணிக்கு வழங்குவதே முறை. ஆகவே அப்பகுதியில் கீழ்க்கண்ட ஒரே ஒரு வரியைச் சேர்த்து ஆவன செய்யுமாறு துறை பணிவுடன் வேண்டப்படுகிறது: எந்த விமானமும், தான் வந்து சேரும் முன் தானே புறப்பட்டுப் போகலாகாது.