வான்கூவர் கடிதம்: கையில் குத்தும் மரம்



சிட்கா ஸ்புரூஸ் பசிபிக் கரையோர மரம். அலாஸ்காவிலிருந்து கலிபோர்னியாவின் வடபகுதி வரை கடலை ஒட்டியே வளர்கிறது. உள்நாட்டுப் பக்கம் அதிகம் எட்டிப் பார்ப்பதில்லை. மழையும் மூடுபனியும் ஓயாத இடம்தான் அதற்குப் பிடிக்கும். ஆம்பூர்க்காரருக்கு வான்கூவரின் நவம்பர் எப்படியோ, இந்த மரத்துக்கு ஆம்பூரின் மே மாதம் அப்படித்தான் இருக்கும்.

ஊரிலிருந்து புதிதாக வருகிறவருக்கு இங்கே நிற்பதெல்லாம் கிறிஸ்துமஸ் மரம். சவுக்குக் கிளையை நட்டு நட்சத்திரம் கட்டிப் பழகியவரை அதற்காகக் குறை சொல்ல முடியாது.

சிட்காவை அடையாளம் காண, கிளையைக் கையால் பிடிப்பதே முதல் சோதனை. சிட்காவின் இலை விறைத்து, முனை கூராகி, உள்ளங்கையில் நறுக்கென்று குத்தும். இங்கே நிற்கும் மற்ற ஊசியிலை மரங்களில் டக்ளஸ் பிர் அவ்வளவு குத்தாது. ஹெம்லாக்கின் இலை குட்டை, முனை மழுங்கல். மற்ற ஸ்புரூஸ்களின் இலை பெரும்பாலும் நாற்பட்டையாக இருப்பதால் விரலிடுக்கில் உருளும். சிட்காவின் தட்டை இலை உருளாது. அதன் ஒரு பக்கத்தில் நீலம் பாய்ந்த வெள்ளைக் கோடுகள். இலை உதிர்ந்த குச்சியில் சின்னச் சின்ன முளைகள் நின்றுவிடுவதால் விரலை ஓட்டினால் அரம்போலச் சொரசொரக்கும். ரோட்டோர மரத்தை இப்படித் தடவிக்கொண்டு நின்றால், நாயோடு வருகிறவர்கள் சிரித்துக் குட்மார்னிங் சொல்லிவிட்டு நடையை எட்டிப் போடுவார்கள்.

சிட்காவின் காய் தொங்கும், 5 முதல் 10 சென்டிமீட்டர் நீளம், காகிதம்போல மெல்லிய செதில்கள், ஓரம் அலையலையாக. டக்ளஸ் பிர் காயிலோ செதில்களுக்கு நடுவே மூன்று முனை நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும்.

தோல் பதனிடும் ஆம்பூர் டேனரிக்காரர் முதலில் கேட்பது பட்டையை. சிட்காவின் பட்டை மெல்லியது, ஊதா கலந்த சாம்பல் பழுப்பு. வில்லை வில்லையாக உரியும். ஆவாரம்பட்டையை அறிந்தவருக்குப் பக்கத்தில் நிற்கும் ஹெம்லாக்தான் உறவு. அதன் பட்டையில் டானின் அதிகம். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் அந்தப் பேரினத்து மரங்களை வெட்டிப் பட்டையை உரித்துத்தான் தோல் பதனிட்டார்கள். கட்டையைப் பல இடங்களில் காட்டிலேயே அழுக விட்டார்கள். சிட்காவின் மதிப்போ கட்டையில்: எடை குறைவு, உறுதி அதிகம். இரண்டாம் உலகப் போரின் மாஸ்கிட்டோ விமானத்திலும் அது இருந்தது, கிடாரின் முகப்பலகையிலும் இருக்கிறது.

வான்கூவர் தீவில் கார்மானா ஜயன்ட் என்னும் சிட்கா 96 மீட்டர் உயரம். அத்தகைய மரத்தின் இலை கைக்கு எட்டாது. அடியில் உதிர்ந்த காயையும் பட்டை வில்லையையும் பொறுக்கித்தான் அடையாளம் சொல்ல வேண்டும்.