பென்சிலும் படிவமும்

மகா கனம் பொருந்திய தென்னாப்பிரிக்க வேலைவாய்ப்பு, தொழிலாளர் இலாகாவின் சமுகத்துக்கு,

சென்னைப் பட்டணத்திலிருந்து ‘டுரூரோ’ கப்பலேறி, கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக 1860-ஆம் ஆண்டு நவம்பரில் டர்பன் துறையில் வந்திறங்கிய 342 பேரின் வழித்தோன்றல்களுள் ஒருவன் மிகுந்த விநயத்துடன் எழுதிக்கொள்ளும் விண்ணப்பம்.

பிரஜைகளை இனவாரியாகப் பிரித்துப் பதிந்துகொள்ள 1950-இல் ஒரு சட்டம் பிறந்ததும், ஐயத்துக்கிடமான ஆசாமியின் தலைமயிரில் பென்சிலைச் செருகி, அது விழுந்தால் வெள்ளையர், தங்கினால் அல்லாதவர் என்று உத்தியோகஸ்தர்கள் தீர்மானித்து வந்ததும், 1991-இல் அச்சட்டம் ரத்தானதும் தாங்கள் அறியாதவை அல்ல. 1998-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டமோ அதே பென்சிலைப் பிரஜையின் கையிலேயே கொடுத்து, ஆப்பிரிக்கர், கலப்பினத்தவர், இந்தியர், வெள்ளையர் என்னும் பழைய கட்டங்களுள் தமக்குரியதில் தாமே குறியிட்டுக்கொள்ளும்படி ஈஈஏ 1 படிவத்தின் வாயிலாகக் கேட்கிறது. நாகரிகம் முன்னேறியிருக்கிறது என்பதை யார் மறுப்பார்! ஒருவர் குறியிட மறுத்தாலும் பாதகமில்லை. நம்பத்தக்க பழைய விவரங்களையும் இன்றைய விவரங்களையும் கொண்டு முதலாளியே அவருடைய இனத்தை நிர்ணயிக்கலாம் என்று விதி இருக்கிறது. அந்தப் பழைய விவரங்களை அத்தனை சிரத்தையோடு எழுதிவைத்த புண்ணியவான்கள் யாவர் என்று மட்டும் விதி சொல்லவில்லை.

இனவாரியாக எண்ணவே கூடாது என்பாருடைய கட்சியில் அடியேன் சேர்ந்தவனல்லன். எந்தக் கட்டத்தைக் காட்டி அநீதி இழைத்தார்களோ அந்தக் கட்டத்தைக் கொண்டுதான் அதை அளக்கவும் முடியும். கணக்கை மூடிவிடலாம் என்று பெருந்தன்மையோடு சொல்பவர்கள் பெரும்பாலும் கணக்கில் வரவு கண்டவர்களே. சீன வம்சாவளிப் பிரஜைகளும் சமத்துவச் சட்டத்தின் நன்மைகளுக்காகக் கறுப்பினத்தவரே என்று 2008-இல் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததையும் நியாயமென்றே ஏற்கிறேன்.

ஆனால், இத்தனை ஆண்டுகள் எண்ணிய பிறகும், உழைக்கும் ஜனத்தொகையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான வெள்ளையர், உச்ச நிர்வாக நாற்காலிகளில் நூற்றுக்கு அறுபதுக்கு மேல் அமர்ந்திருக்கிறார்கள் என்பது தங்கள் வேலைவாய்ப்புச் சமத்துவ ஆணைக்குழுவின் அறிக்கைகளே கூறும் சங்கதி. போதாக்குறைக்கு, 2025 ஜனவரி முதல் ஐம்பது பேருக்குக் குறைந்த ஸ்தாபனங்களுக்கு இச்சட்டத்தின் இனவாரி இலக்குகளிலிருந்து விடுதலையும் அருளியிருக்கிறீர்கள். ஐம்பதாவது ஆளின் நியமன உத்தரவு எத்தனை மேஜை இழுப்பறைகளில் நித்திரை செய்கிறதோ!

ஆகையால், உச்ச நிர்வாகிகளுக்கென்று தனிப் படிவம் ஒன்றை அச்சிட வேண்டுகிறேன். “இப்பதவி காலியாகிறது என்று தாங்கள் முதலில் கேள்விப்பட்ட இடம்: பத்திரிகை விளம்பரம், கோல்ஃப் மைதானம், பள்ளித் தோழர் வீட்டு விருந்து” என்னும் ஒரே கேள்வி போதும். பூர்த்தி செய்ய மறுப்பவர்களின் விஷயத்தில், நம்பத்தக்க பழைய விவரங்களைக் கொண்டு, அவர்களுடைய அறைக்கு இத்தனை காலமாகத் தேநீர் கொண்டுபோய்வரும் அம்மையாரே விடையை நிர்ணயிக்கலாம் என்று விதி செய்தருளவும்.

இங்ஙனம்,
இந்தியர் என்னும் கட்டத்தில் வசிக்கும்
தங்கள் கீழ்ப்படிந்த பிரஜை